வீட்டிலிருந்து செய்தாலும் அது தொழில்தான்

"பெரிய பிசினஸ் எல்லாம் இல்லை மேடம், வீட்லயே சும்மா செய்யறதுதான்." ஆரி ஒர்க் செய்பவர், மசாலாப் பொடி அரைத்து விற்பவர், லேப்டாப்பில் லோகோ வடிவமைத்துக் கொடுப்பவர் என்று என்னிடம் வருமான வரி ரிட்டர்ன் போட வருகிற பலரும் இப்படித்தான் பேச்சை ஆரம்பிக்கிறார்கள்.

வருமான வரிச் சட்டத்துக்குக் கடையும் வேண்டாம், போர்டும் வேண்டாம். லாபத்துக்காகத் தொடர்ந்து செய்தால் அது தொழில். அந்தப் பணத்தை 'இதர வருமானம்' என்ற தலைப்பில் ஒரு தோராயத் தொகையாகப் போட்டு, தொழில் வருமானம் இல்லாதவர்களுக்கான ஐடிஆர்-1 படிவத்தைத் தாக்கல் செய்வது தவறு. கணவர் கணக்கில் சேர்த்துக் காட்டுவது அதைவிடத் தவறு. உழைப்பு யாருடையதோ, ரிட்டர்னும் அவர் பெயரில்தான் போக வேண்டும்.

சிறு தொழில் செய்கிறவர்களுக்கு அனுமான வருமானத் திட்டம் இருக்கிறது. பழைய 1961 சட்டத்தில் 44ஏடி பிரிவு என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். ஆண்டு விற்பனை 2 கோடிக்குள் இருந்தால், ரொக்கமாக வந்ததில் 8 சதவீதமும் ஜிபே, வங்கி வழியாக வந்ததில் 6 சதவீதமும் குறைந்தபட்ச லாபமாகக் காட்டி ஐடிஆர்-4 படிவம் போடலாம். கணக்குப் புத்தகம் வைத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

'குறைந்தபட்ச' என்பதைப் பலர் கவனிப்பதில்லை. உண்மையான லாபம் அதைவிட அதிகமென்றால் அதிகத்தைத்தான் காட்ட வேண்டும்.

ஆரி ஒர்க் செய்யும் ஒரு பெண்ணின் கணக்கைச் சொல்கிறேன். ஆண்டு வரவு 14 லட்சம், முழுக்க ஜிபேயில். அதற்கு முந்தைய வருடமும் ஏறக்குறைய அதே வரவுதான். அந்த முந்தைய வருடத்துக்கு வேறொருவர் போட்டுக் கொடுத்த ரிட்டர்னில் 6 சதவீதம், அதாவது 84,000 ரூபாய்தான் வருமானம். இரண்டாவது எம்ப்ராய்டரி மெஷினுக்கு லோன் கேட்டுப் போனபோது, "வருஷத்துக்கு 84,000 சம்பாதிக்கிறவங்க மாசம் 9,000 டியூ எப்படிக் கட்டுவீங்க?" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

நாங்கள் உட்கார்ந்து எழுதியபோது வந்தது இது: துணி, ஜரி, மணி 5 லட்சம். உதவிக்கு வரும் இரண்டு பெண்களின் கூலி 3.6 லட்சம். வீட்டு வாடகை மாதம் 14,000; வேலை நடக்கும் அறை வீட்டின் பரப்பில் கால் பங்கு, ஆக 42,000. கரண்டில் தொழிலுக்கான பங்கு 8,000. இருக்கும் மெஷினின் மதிப்பு 2 லட்சம். அதை முழுதாகக் கழிக்க முடியாது, ஆண்டுக்கு 15 சதவீதம் தேய்மானம், 30,000. எல்லாம் போக லாபம் 4.6 லட்சம். அதையே ஐடிஆர்-4ல் காட்டினோம்.

வரி? ஒரு ரூபாய்கூட இல்லை. 2025-26 நிதியாண்டு முதல் புதிய வரி முறையில் 12 லட்சம் வரை வருமானம் உள்ளவர்களுக்குத் தள்ளுபடி போக வரி பூஜ்யம். 84,000 காட்டினாலும் 4.6 லட்சம் காட்டினாலும் கட்டுவது ஒன்றுதான் என்றால், குறைத்துக் காட்டி யாருக்கு என்ன லாபம்? வருமானம் 4 லட்சத்தைத் தாண்டினால், வரி இல்லாவிட்டாலும் ரிட்டர்ன் கட்டாயம் என்பதையும் மறக்காதீர்கள்.

சொந்த வீடென்றால் உங்களுக்கு நீங்களே வாடகை கொடுத்ததாக எழுத முடியாது. கரண்ட், ரிப்பேர் போன்றவற்றில் தொழிலுக்கான பங்கை மட்டும் எடுக்கலாம். ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தச் செலவு கழியாது. அனுமானத் திட்டத்தில் 6 அல்லது 8 சதவீதம் காட்டிவிட்டு அதிலிருந்து மறுபடி வாடகை, கூலி என்று கழிக்கவும் முடியாது. எல்லாச் செலவும் ஏற்கெனவே கழிந்ததாகத்தான் சட்டம் எடுத்துக்கொள்ளும்.

கமிஷனுக்கு விற்பவர்களுக்கும் ஏஜென்சி எடுத்திருப்பவர்களுக்கும் 44ஏடி கிடையாது. வீட்டிலிருந்து ரீசெல்லிங் செய்கிறவர்கள், பொருளை வாங்கி விற்கிறீர்களா, கமிஷன் மட்டும் வாங்குகிறீர்களா என்று முதலில் பாருங்கள்.

ஐடி வேலையை ஃப்ரீலான்ஸாகச் செய்கிறவர்களுக்கு, தொழில்முறை வல்லுநர்களுக்கான அனுமானத் திட்டமான 44ஏடிஏ பொருந்தும்; வரவில் பாதியாவது வருமானமாகக் காட்ட வேண்டும். "மாசாமாசம் ஒரே கம்பெனியிலிருந்து வருது, அதனால சம்பளம்தானே?" என்பார்கள். உங்கள் பெயரில் பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தைத் திறந்து பாருங்கள். பழைய சட்டத்தில் தொழில்முறைக் கட்டணத்துக்கான 194ஜே பிரிவில் டிடிஎஸ் பிடித்திருந்தால் கம்பெனி உங்களை ஊழியராகக் கணக்கு வைக்கவில்லை. சம்பளக்காரர்களுக்கான 75,000 ரூபாய் நிலைக் கழிவை (ஸ்டாண்டர்டு டிடக்‌ஷன்) நீங்கள் எடுத்தால் நோட்டீஸ் வர வாய்ப்புண்டு.

ஜிஎஸ்டிக்குத் தமிழ்நாட்டில் பொருளென்றால் 40 லட்சம், சேவையென்றால் 20 லட்சம் வரை பதிவு வேண்டாம். ஆனால் பெங்களூருக்குக் கூரியரில் பொடி அனுப்பத் தொடங்கினால் கதை மாறும்: வெளி மாநிலத்துக்குப் பொருள் விற்க, சில கைவினைப் பொருட்கள் நீங்கலாக, முதல் ரூபாயிலிருந்தே பதிவு தேவை.

இத்தனை கணக்குக்கும் அடிப்படை ஒரு தனி வங்கிக் கணக்கு. அந்தப் பெண்ணின் ஸ்டேட்மென்ட்டில் பிளவுஸுக்கு வந்த 850, சீட்டுப் பணம், அம்மாவின் மருந்துச் செலவு, பள்ளிக் கட்டணம் எல்லாம் ஒன்றன்கீழ் ஒன்றாகக் கிடந்தன. எது வரவு, எது கைமாற்று என்று பிரிப்பதற்கே ஒரு மதியம் போனது. இன்று அவர் கடை க்யூஆர் தனி, வீட்டு ஜிபே தனி.

கூடவே, சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவையும் செய்துவிடுங்கள். ஆதாரும் பானும் இருந்தால் அரசு இணையதளத்தில் நீங்களே செய்யலாம், கட்டணம் எதுவும் கிடையாது. இதற்கு 1,500, 2,000 என்று யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள்.