அங்கிள், உங்க பாஸ்வேர்ட் எனக்குத் தெரியாது

தென்னாப்பிரிக்கா டர்பன் ஊர்ல சின்னச் சின்னக் கடைங்களுக்கு கம்ப்யூட்டர் வேலை பாக்குறதுதான் நம்ம பொழப்பு. இங்க சாட்ஸ்வொர்த் ஏரியால மசாலா மொத்த வியாபாரம் பண்றவர் ஒருத்தர், நம்மாளு, வீட்ல பேசுறது இங்கிலீஷ்தான்னாலும் என்கிட்ட தமிழ்ல பேசணும்னு ஆசைப்படுவார். ஒரு திங்கக்கிழமை காலைல போன். "தம்பி, பில்லிங் பாஸ்வேர்ட் மறந்துட்டேன், பாத்துச் சொல்லு." பாக்க முடியாது அங்கிள், புதுசுதான் வச்சுத் தரலாம்னேன். வந்துச்சே கோவம். "முன்னாடி இருந்த பையன் அரை நிமிஷத்துல சொல்லுவான், ஒனக்கு முடியலயா?"

அந்தப் பையன் எப்படிச் சொன்னான்ங்கறதுதான் விஷயமே. பில்லிங் சாஃப்ட்வேர்ல பேருங்களை வச்சிருக்குற டேபிளைத் தொறந்தா, பேரு பக்கத்துலயே பாஸ்வேர்ட் பச்சையா, அடிச்சது அடிச்சபடியே எழுதி இருந்துச்சு. அவனுக்குத் தெரிஞ்சா, அந்த ஃபைலைத் தூக்கிட்டுப் போறவனுக்கும் தெரியும், அவ்ளோதான்.

நேர்ல போய், கடையில இருந்த மிளகாப்பொடியைக் காட்டித்தான் சொன்னேன். பாஸ்வேர்டை அரைச்சு அந்தப் பொடியை மட்டும்தான் வச்சுக்கிறோம், பேரு ஹாஷ். அடுத்த தடவை நீங்க டைப் பண்றதையும் அதே மாதிரி அரைச்சு ரெண்டு பொடியும் ஒண்ணான்னு பாக்கும், பொடியிலேர்ந்து மிளகாயைத் திருப்பி எடுக்க முடியாது. வியாபாரி இல்லையா, உடனே மடக்கினார்: "ஒரே மிளகாய்னா பொடியும் ஒரே மாதிரிதானே தம்பி இருக்கும்?"

கரெக்ட்டு. அவரோட பழைய ஸ்டாக் சாஃப்ட்வேர்ல எம்டி5ங்கற வகை ஹாஷ் இருந்துச்சு, அதுல மூணு பேருக்கு இ10ஏடிசி39னு ஆரம்பிக்கிற ஒரே வரி. இந்தத் தொழில்ல இருக்குறவங்களுக்கு அது மனப்பாடம், 123456தான் அது. லிங்க்ட்இன்ல 2012ல களவு போனது இப்படித்தான், எஸ்ஹெச்ஏ-1ங்கற இன்னொரு வகை ஹாஷ், ஆனா சால்ட் போடல, மொதல்ல வெளிய வந்தது 65 லட்சம் பாஸ்வேர்ட்னாங்க, 2016ல பாத்தா 11.7 கோடி. சால்ட்னா நிஜமாவே உப்புதான், ஆளுக்கு ஆள் வேற வேற உப்பு போட்டு அரைக்கிறது, அப்புறம் ஒரே மிளகாயா இருந்தாலும் பொடி வேற. இதுவும் பத்தாது, ஏன்னா திருடன் பாஸ்வேர்டை ஒவ்வொண்ணா யூகிச்சு அரைச்சு, பொடி ஒத்துப்போகுதான்னு பாப்பான், எம்டி5 மாதிரி வேகமான ஹாஷை இன்னைக்கு கேம் ஆடுற கம்ப்யூட்டர்ல இருக்குற ஒரு கிராஃபிக்ஸ் கார்டு நொடிக்கு கோடிக்கணக்குல அரைச்சுத் தள்ளும், அதனால வேணும்னே மெதுவா அரைக்கிற மிஷினைப் போடுறோம், 1999ல வந்த பிக்ரிப்ட், இல்லேன்னா 2015ல போட்டியில ஜெயிச்ச ஆர்கான்2. பிக்ரிப்ட்ல காஸ்ட்னு ஒரு செட்டிங், அதுல ஒண்ணு ஏத்துனா நேரம் ரெண்டு மடங்கு.

தமிழ்ல பாஸ்வேர்ட் வைக்கிறவங்களுக்கு ஒண்ணு. கம்ப்யூட்டர் எழுத்தை அளக்குறது பைட் கணக்குல, பிக்ரிப்ட் மொத 72 பைட்தான் பாக்கும், எழுத்தைச் சேமிக்கிற யூடிஎஃப்-8 முறையில 'க'வே 3 பைட், 'கா' 6 பைட். நீங்க ஒரு முழு குறளையே அடிச்சாலும் பெரும்பாலும் மொத அடியத் தாண்டாது.

சரி, பாஸ்வேர்ட் சர்வருக்குப் போற வழியில? அவர் பில்லிங் பேஜ் வெறும் ஹெச்டிடிபி, அதாவது போறது எல்லாம் மறைக்காம அப்படியே போகும். அவர் சம்மதத்தோட, நெட்வொர்க்ல போறதைப் பாக்குற வயர்ஷார்க் சாஃப்ட்வேரைப் போட்டு, அவர் அடிச்ச பாஸ்வேர்டை என் லேப்டாப்ல எழுத்து எழுத்தா காட்டினேன், அதுக்கப்புறம்தான் மனுஷன் உக்காந்தார். கஸ்டமர்க்கும் அதே வைஃபை வேற! வழியில போறதைப் பூட்டி அனுப்புற டிஎல்எஸ் போட்டாச்சு, இப்ப நடுவுல கேக்குறவனுக்கு குப்பைதான் தெரியும். ஆனா பிரவுசர்ல பூட்டுப் படம் இருந்தா சைட் நல்லதுன்னு நெனச்சுடாதீங்க, திருட்டு பேங்க் பேஜ்லயும் அதே பூட்டு இருக்கும். வழி பத்திரம், அவ்ளோதான், வீட்டுக்காரன் யாருன்னு நீங்கதான் அட்ரஸை பாக்கணும். இன்னொண்ணு, டிஎல்எஸ் சர்வர் வாசலோட முடிஞ்சுடும், உள்ள போனதும் அரைக்கிறதுக்கு முன்னாடி ஒரு கணம் பாஸ்வேர்ட் பச்சையாத்தான் கெடக்கும், அந்த நேரத்துல, நடக்குறதை எல்லாம் குறிச்சு வைக்கிற லாக் ஃபைல் அதை எழுதி வச்சுட்டா போச்சு. ட்விட்டர்ல 2018ல இதே பக், 33 கோடி பேரையும் பாஸ்வேர்டை மாத்தச் சொன்னாங்க.

இங்க தென்னாப்பிரிக்காவுல, தனிப்பட்ட தகவலைக் காக்குற போப்பியா சட்டம் 2021 ஜூலை 1லேர்ந்து நடவடிக்கை எடுக்குற நெலமைக்கு வந்தாச்சு, கஸ்டமர் தகவலைப் பத்திரமா வச்சிருக்கணும், லீக் ஆனா அவங்களுக்குச் சொல்லணும். இதைச் சொன்னதும் அங்கிள் அந்தப் பழைய பையனைப் பத்தி ஒரு வார்த்தை சொன்னார், இங்க எழுத முடியாது.

எல்லாம் முடிஞ்சுதுன்னு நெனச்சேன். போன மாசம் அவர் பக்கில (இங்க பிக்கப் வண்டியை அப்படித்தான் சொல்லுவாங்க) ஏறி டாஷ்போர்டைத் தொறந்தா, காவடிக்கு வாங்குன கற்பூரம் பக்கத்துல ஒரு யூஎஸ்பி. பழைய பையன் எடுத்த பேக்கப், அதே டேபிள், எல்லா பாஸ்வேர்டும் பச்சையா. "இதுல இருக்குற உங்க பாஸ்வேர்ட் இன்னும் எங்கெங்க ஓடுது அங்கிள்?"னு கேட்டேன். கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கையே பாத்துட்டு, "ஈமெயில்... அப்புறம் பேங்க்"னார். வண்டியை ஸ்டார்ட் பண்ணாம அங்கேயே உக்காந்து மாத்தினோம்.