மெடல் இருக்கு, டிகிரி எங்கே? வடசென்னைக் கல்லூரி வீரர்கள் கவனத்துக்கு

“ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல வேலை வாங்கிடலாம், டிகிரி எங்க போயிடப் போகுது?” வியாசர்பாடியிலும் காசிமேட்டிலும் கல்லூரி சேரும் பிள்ளைகளிடம் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. நல்ல ஆட்டக்காரர்கள் அரியரோடு வீட்டில் உட்காரப் பெரிய காரணமும் இந்த நினைப்புதான்.

ரயில்வே ஸ்போர்ட்ஸ் கோட்டாவை எடுத்துக்கொள்ளுங்கள். வயது 18 முதல் 25 வரை. எந்தப் பிரிவினருக்கும் தளர்வு கிடையாது. எப்போதோ வாங்கிய மெடலும் செல்லாது. அறிவிப்பில் குறிப்பிட்டிருக்கும் சமீபத்திய நிதியாண்டுகளுக்குள் வாங்கியிருக்க வேண்டும். இரண்டாம் ஆண்டில் ஜெயித்துவிட்டு, டிகிரியை முடிக்க இன்னும் நாலு வருடம் இழுத்தால், பட்டம் வரும்போது மெடல் கணக்கில் வராது.

வருமான வரித் துறையில் டாக்ஸ் அசிஸ்டென்ட் வேலைக்கு டிகிரி கட்டாயம். தொடக்க அடிப்படைச் சம்பளம் ரூ.25,500. அதே துறையில் எம்.டி.எஸ். (மல்ட்டி டாஸ்கிங் ஸ்டாஃப், பல்வகைப் பணியாளர்) வேலைக்குப் பத்தாம் வகுப்பு போதும், சம்பளம் ரூ.18,000. பல்கலைக்கழக அணிக்கு ஆடிய சான்றிதழை வைத்து இரண்டுக்குமே விண்ணப்பிக்கலாம். அந்த 7,500 ரூபாய் வித்தியாசத்துக்குக் காரணம் டிகிரிதான். கடைசி செமஸ்டர் ரிசல்ட்டுக்குக் காத்திருப்பதாகச் சொன்னால் பொதுவாக ஏற்க மாட்டார்கள்.

அந்தச் சான்றிதழிலும் கவனம் வேண்டும். பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் ஆடியதற்கு மத்திய அரசு வேலைகளில் கேட்பது ‘படிவம் 3’. பல்கலைக்கழக விளையாட்டு இயக்குநரோ அந்தப் பொறுப்பில் உள்ள அதிகாரியோ அதில் கையெழுத்துப் போட வேண்டும். கல்லூரி பி.டி. சார் கொடுக்கும் சான்றிதழ் இதற்கு ஈடாகாது. ஆடிய அந்த வருடமே கேட்டு வாங்கிவிடுங்கள். ரெகுலர் மாணவராக இருந்தால்தான் பல்கலைக்கழக அணியில் இடம் என்பதால், படிப்பை விட்டவருக்கு இந்தப் படிவத்துக்கான வழியும் அதோடு அடைபடுகிறது.

இனி கல்லூரிக்குள் நடப்பதைப் பார்ப்போம். ஆட்டக்காரர்களைக் கவிழ்ப்பது பெரும்பாலும் பாடம் அல்ல, அட்டெண்டன்ஸ்.

ஒரு செமஸ்டருக்கு 90 வேலை நாள் என்று வைத்துக்கொள்வோம். அட்டெண்டன்ஸ் 75 சதவீதம் இருக்க 68 நாள் வர வேண்டும். 22 நாள்தான் விடலாம். கல்லூரிகளுக்கு இடையிலான போட்டிக்கு 5 நாள், கோச்சிங் கேம்ப் 10 நாள், பயணத்தோடு சேர்த்து தென்மண்டலப் போட்டிக்கு 10 நாள் என்றாலே 25 ஆகிவிடுகிறது. ஓ.டி. (ஆன் டியூட்டி, அதாவது போட்டிக்குப் போன நாளையும் வந்த நாளாகக் கணக்கிடுவது) பதிவாகாவிட்டால் 72 சதவீதம். கண்டோனேஷன், அதாவது அட்டெண்டன்ஸ் குறைவுக்கான கட்டணம், கட்ட வேண்டும். அதற்கு மேல் காய்ச்சல், அக்கா கல்யாணம் என்று இன்னும் 7 நாள் போனால் 65க்கும் கீழே இறங்கிவிடும். அங்கே பணம் கட்டியும் பயனில்லை, பரீட்சை எழுத விடமாட்டார்கள்.

ஓ.டி. வாங்குவதில் எல்லோரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. பி.டி. சார் பரிந்துரைக்கிறார், துறைத் தலைவர் கையெழுத்துப் போடுகிறார், முதல்வர் அனுமதிக்கிறார். பையனும் நிம்மதியாகக் கிளம்பிவிடுகிறான். ஆனால் தமிழ், ஆங்கிலம், அலைடு பாடங்களை எடுப்பவர்கள் வேறு துறை ஆசிரியர்கள். அவர்கள் கைக்கு அந்தக் கடிதம் போவதே இல்லை. அவர்கள் நோட்டில் ஆப்சென்ட் அப்படியே நிற்கும். செமஸ்டர் முடிவில் கணக்கெடுக்கும்போதுதான் இது தெரியவரும், அப்போது திருத்துவது பெரும்பாடு. ஆகவே கிளம்பும் முன் அனுமதிக் கடிதத்தை ஐந்தாறு பிரதி எடுத்து, பாடம் எடுக்கும் ஒவ்வொருவரிடமும் நேரில் கொடுங்கள். திரும்பி வந்த ஒரு வாரத்துக்குள் பங்கேற்புச் சான்றிதழின் ஜெராக்ஸையும் கொடுத்து, பதிவேட்டில் ஓ.டி. ஏறியதைக் கண்ணால் பார்த்துவிட்டு வாருங்கள். “சார்கிட்ட சொல்லிட்டேன்” என்பது எந்தப் பதிவேட்டிலும் ஏறாது.

போட்டிகள் பெரும்பாலும் அக்டோபரில் தொடங்கி ஜனவரி வரை நடக்கின்றன. பிராக்டிகலும் நவம்பர் பரீட்சையும் அதே நேரத்தில்தான். எனவே முதல், மூன்றாம், ஐந்தாம் செமஸ்டர்களில் உங்களுக்குக் கையில் இருப்பது தொடக்கத்து எட்டு வாரம்தான். அசைன்மென்ட், செமினார் இரண்டையும் அதற்குள் கேட்டு வாங்கி முடித்துவிடுங்கள். 25 இன்டர்னல் மார்க்கில் ஆட்டக்காரர்கள் இழப்பது பெரும்பாலும் இவற்றில்தான். லேப் உள்ள கோர்ஸ் என்றால், தவறவிட்ட எக்ஸ்பெரிமென்டை அடுத்த பேட்ச்சோடு செய்ய அனுமதி கேளுங்கள். ரெகார்ட் நோட்டில் கையெழுத்து இல்லாமல் பிராக்டிகலுக்குள் விடமாட்டார்கள்.

கேம்ப்பில் இருக்கும்போது பரீட்சைக் கட்டணத்தின் கடைசி நாள் கடந்துபோய், ஹால் டிக்கெட்டே வராமல் போவதும் நடக்கிறது. வகுப்பில் ஒரு நண்பரிடம் பணத்தைக் கொடுத்துவைத்துவிட்டுப் போவது நல்லது.

போட்டியால் ஒரு பேப்பர் போனால் பதற வேண்டாம். நவம்பரில் விட்டதை ஏப்ரலில் எழுதலாம். ஆனால் அந்த ஏப்ரலை விடக்கூடாது. மூன்றாம் ஆண்டில் எட்டு அரியர் நிற்கிறது என்றால், அதன் தொடக்கம் பெரும்பாலும் முதலாண்டு ஆங்கிலத் தாளாக இருக்கும்.

சேரும்போதே ஷிஃப்டைப் பார்த்துச் சேருங்கள். மாலை நாலரைக்குப் பிராக்டிஸ் உள்ளவர் மதிய ஷிஃப்டில் சேர்ந்தால் மூன்று வருடமும் கடைசி வகுப்புகளை இழப்பார். காலை ஷிஃப்ட் என்றால் வேறு தொல்லை: ஆறு மணிக்குக் கிரவுண்ட், எட்டரைக்கு வகுப்பு, நடுவில் சாப்பாடு இல்லை, முதல் பீரியடிலேயே தூக்கம். நாலு இட்லி, இரண்டு அவித்த முட்டை, ஒரு வாழைப்பழம் கட்டிக்கொண்டு போய், பிராக்டிஸ் முடிந்ததும் கிரவுண்டிலேயே சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். இரவு ஏழு மணி நேரத் தூக்கமும் வேண்டும். பரீட்சை மாதத்தில், ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் காசுக்காக ஆடும் லைட் மேட்ச்சுகளை அறவே விட்டுவிடுங்கள். வீட்டு நிலைமை புரிகிறது, அந்த ஐந்நூறு ரூபாயின் அருமையும் புரிகிறது. ஆனால் மேடுபள்ளமான கிரவுண்டில் முட்டி திரும்பினால் ஆட்டம், பரீட்சை இரண்டும் ஒன்றாகப் போகும்.

பெற்றோருக்கு ஒன்று. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் வியாசர்பாடி, புளியந்தோப்பு வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது நினைவிருக்கும். மார்க் ஷீட், படிவம் 3, பங்கேற்புச் சான்றிதழ், ஓ.டி. கடிதம் எல்லாவற்றையும் ஒரே ஜிப் கவரில் போட்டு பரண் மேல் வையுங்கள். கட்டிலுக்கு அடியில் டிரங்குப் பெட்டியில் வேண்டாம். போனில் ஸ்கேன் செய்து பிள்ளையின் மெயிலுக்கும் ஒரு பிரதி அனுப்பிவிடுங்கள். தொலைந்த மார்க் ஷீட்டுக்கு டூப்ளிகேட் வாங்கலாம். போட்டிச் சான்றிதழுக்கு, அன்று கையெழுத்துப் போட்ட அதிகாரி மாறிப்போயிருந்தால் அலைச்சல் அதிகம்.