கிரையோ அறை: இயந்திரப் பெயர்ப்பலகையில் எழுதிய கிலோவாட்டை நம்பலாமா?

முழு உடல் கிரையோதெரபி (சில நிமிடம் கடுங்குளிர்க் காற்றில் நிற்கும் சிகிச்சை) அறை வாங்க நினைப்பவர்களில் பலர், ஓய்வாக இருக்கும் மனிதர் வெளியிடும் 100 வாட் வெப்பத்தை வைத்தே குளிரூட்டும் திறனைக் கணக்கிடுகிறார்கள். அது சாதாரண ஏ.சி. அறைக்கான கணக்கு. மைனஸ் 110 டிகிரி செல்சியஸ் காற்றுக்குள் ஒருவர் நுழையும்போது, தோலுக்கும் காற்றுக்கும் இடையே ஏறத்தாழ 140 டிகிரி வேறுபாடு இருக்கும், உடற்பரப்பு 1.8 சதுர மீட்டர் என்றும், ஒரு சதுர மீட்டரிலிருந்து டிகிரிக்கு 10 வாட் வெளியேறுகிறது என்றும் மிதமாகக் கொண்டாலே, தொடக்கச் சுமை 2.5 கிலோவாட்டாகிவிடுகிறது. தோல் குளிரக் குளிர இது குறைந்தாலும், மூன்று நிமிடத்தில் சுமார் 400 கிலோஜூல் வரை சேரும்.

இதற்கு நிகரான இன்னொரு சுமை கதவு. உள்ளிருக்கும் காற்று வெளிக்காற்றைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு கனமானதால், கதவைத் திறந்தவுடன் தரையோடு வழிந்து வெளியேறும். அந்த இடத்தை ஈரமான வெப்பக் காற்று நிரப்பும். அப்படி நுழையும் இரண்டு கன மீட்டர் காற்றைக் குளிர்விப்பதற்கும் அதன் ஈரத்தை உறையச் செய்வதற்கும் ஆகும் செலவு, ஒருவருடைய உடல் வெப்பத்தை அகற்றும் செலவுக்குக் கிட்டத்தட்ட ஈடானது. அந்த ஈரமே காற்றைக் குளிர்விக்கும் காயிலின் தகடுகளுக்கிடையே வெண்பனியாகப் படிந்து காற்றோட்டத்தையும் அடைக்கிறது. மைனஸ் 60 டிகிரியில் ஒரு முன்னறை வைப்பது இதற்காகத்தான். அதை ஆடம்பரம் என்று நீக்கச் சொல்பவர்களிடம் நான் உடன்படுவதில்லை.

குளிரூட்டும் திறன் இத்தனை கிலோவாட் என்று விற்பனையாளர் சொன்னால், அது எந்த ஆவியாகும் வெப்பநிலையில் (காயிலுக்குள் குளிர்பதனப் பொருள் ஆவியாகும் வெப்பநிலை) என்று கேளுங்கள். வெப்பநிலை இறங்க இறங்க, உறிஞ்சப்படும் வாயு அடர்த்தி குறைவதால், அதே கம்ப்ரசரின் திறன் வேகமாகச் சரியும். வெளியே 30 டிகிரி இருக்கையில், மைனஸ் 110-இல் ஒரு கிலோவாட் வெப்பத்தை அகற்றக் கோட்பாட்டின்படியே 0.86 கிலோவாட் மின்சாரம் வேண்டும்; இரண்டு அடுக்குக் கேஸ்கேட் அமைப்பில் (ஒரு குளிரூட்டும் சுற்றின் வெப்பத்தை இன்னொரு சுற்று வாங்கி வெளியேற்றுவது) நடைமுறைத் தேவை இதைப்போலச் சில மடங்கு. அவ்வளவும் கண்டன்சர் வழியே வெப்பமாக வெளியேறுவதால், இயந்திர அறையின் காற்றோட்டத்தையும் இதே கணக்கில் சேர்க்க வேண்டும்.

திரவ நைட்ரஜனில் இயங்கும் அறைகளுக்குக் கம்ப்ரசர் தேவையில்லை. ஆனால், ஒருவருடைய உடல் வெப்பத்துக்கு மட்டுமே ஒன்றரைக் கிலோ அளவுக்கு நைட்ரஜன் செலவாகும். ஒவ்வொரு லிட்டரும் ஏறத்தாழ 700 லிட்டர் வாயுவாக விரியும். ஆகவே ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் ஒலிக்கும் எச்சரிக்கைக் கருவியும் தரைமட்ட வெளியேற்றியும் கட்டாயம்.

ஒப்படைப்புச் சோதனையை வெற்று அறையில் முடித்துவிடாதீர்கள். குளிர்காற்று வரும் வாயில் உள்ள சென்சார் மைனஸ் 110 காட்டினாலும், ஆள் நிற்குமிடம் அதைவிட வெகுவாகச் சூடேறியிருக்கலாம். எனவே மார்பு உயரத்தில் தனி சென்சார் பொருத்தி, அடுத்தடுத்து ஆட்களை அனுப்பி, ஒவ்வொருவருக்குப் பிறகும் அறை மைனஸ் 110-க்குத் திரும்ப எடுக்கும் நேரத்தைக் குறித்து, அதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள்.