திருடிய கொடுக்குகளோடு திரியும் கடல் நத்தை

முட்டையிலிருந்து வெளிவரும்போது ஹெர்மிசெண்டா என்ற கடல் நத்தைக்கு ஓடு உண்டு. நீரில் மிதந்து திரியும் அந்த இளம்பருவம் முடிந்து, அடியில் இறங்கி உருமாறும்போது அதை உதறிவிடும். அதன்பின் சில சென்டிமீட்டர் நீளத்தில் வெறும் சதைதான். அலாஸ்காவிலிருந்து கலிஃபோர்னியா வரை, பசிபிக்கின் குளிர்ந்த கரையோரப் பாறைகளில் ஊர்ந்து திரிகிறது. ஒளி ஊடுருவும் உடம்பு, பளிச்சென்ற நீலக் கோடுகள், நடுவே ஆரஞ்சுப் பட்டை. இத்தனை பகட்டான சதைத்துண்டை மீன்கள் ஏன் விட்டுவைக்கின்றன?

காரணம் அதன் முதுகில் அடர்ந்து நிற்கும் செராட்டா என்ற விரல் விரலான நீட்சிகள். ஒவ்வொன்றின் உள்ளேயும் செரிமானச் சுரப்பியின் கிளை ஒன்று ஓடுகிறது. வெளியே தெரியும் பழுப்பு நிறம் பெரும்பாலும் இந்தக் கிளையுடையதுதான். இரை மாறினால் அதுவும் மாறும். நுனியில் ஒரு சிறு பை. அதற்குள் இருப்பது முழுக்கத் திருட்டுச் சரக்கு.

ஹெர்மிசெண்டா விரும்பித் தின்பது ஹைட்ராய்டுகளை. இவை ஜெல்லிமீனின் உறவினர்கள். செல்களுக்குள் நெமட்டோசிஸ்ட் என்ற கொட்டும் நுண்குமிழ்களை வைத்திருப்பவை. ஹைட்ரா என்ற நன்னீர் உறவினத்தில் கணக்கிட்டபோது குமிழின் உள்ளழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப்போல் சுமார் 150 மடங்கு இருந்தது. தூண்டப்பட்டதும் மூடி திறந்து, சுருண்டிருக்கும் குழல் பாய்ந்து குத்தும். இதைத் தின்றால் வாய் புண்ணாகாதா? நத்தையின் வாயிலும் உணவுக்குழாயிலும் தடித்த படலம் இருக்கிறது. உடம்பெங்கும் சளியும் உண்டு. வட அட்லாண்டிக்கில், இதே கொட்டும் குமிழ்கள் கொண்ட கடல் அனிமோன்களைத் தின்று வாழும் ஏயோலிடியா என்ற உறவினத்தில், குமிழ்கள் வெடிப்பதையே சளி தடுக்கிறது. இரையை மாற்றிக் கொடுத்தால் சளியும் அதற்கேற்ப மாறுகிறது!

வெடித்துவிட்ட குமிழ்களால் பயனில்லை. முதிராத குமிழ்களே லாபம், அவற்றால் இன்னும் வெடிக்க முடியாது. செரிமானப் பாதையைக் கடந்து அவை நுனிப்பைக்கு வந்து சேர்கின்றன. அங்குள்ள செல்கள் அவற்றை விழுங்கினாலும் செரிப்பதில்லை. அங்கேயே குமிழுக்குள் அமிலத்தன்மை கூடி, அவை முதிர்கின்றன. திருடியதைவிட எனக்கு வியப்பு இதுதான்: இன்னொரு விலங்கு பாதி செய்த ஆயுதம் நத்தையின் உடம்பில் முழுமை பெறுகிறது.

மீன் கவ்வினால் பையைச் சுற்றியுள்ள தசை இறுகும். நுனித் துளை வழியே குமிழ்கள் பீறிட்டு வெடிக்கும். அறுந்த செராட்டா மறுபடி முளைக்கும், காலியான பை தின்னத் தின்ன நிரம்பும்.

தன் இனத்திடம் இந்தப் பாதுகாப்பு எப்போதும் எடுபடுவதில்லை. இரண்டு ஹெர்மிசெண்டாக்கள் எதிர்ப்பட்டால் கடித்துச் சண்டையிடுவதுண்டு. சில வேளை ஒன்று மற்றதைத் தின்றும்விடும்.