ஒரு தலை, ஒரு பூ: நிகழ்தகவில் முதல் சறுக்கல்

இரண்டு நாணயங்களைச் சுண்டுகிறோம். ஒன்றில் தலையும் மற்றதில் பூவும் விழ நிகழ்தகவு எவ்வளவு? இந்தக் கணக்கோடு என்னிடம் வந்த ஒன்பதாம் வகுப்பு மாணவி, தயங்காமல் மூன்றில் ஒன்று என்றாள். "ரெண்டும் தலை, ரெண்டும் பூ, இல்லன்னா ஒண்ணு தலை ஒண்ணு பூ. மொத்தம் மூணுதானே சார்?" புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் விடை 1/2 என்று இருப்பதை அவள் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தாள். ஏன் 1/2 என்பதுதான் பிடிபடவில்லை.

இந்த இடத்தில் சூத்திரத்தை இன்னொரு முறை சொல்லிப் பயனில்லை. சாதகமான விளைவுகளின் எண்ணிக்கையை மொத்த விளைவுகளின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும் என்பது பிள்ளைகளுக்கு மனப்பாடம். அந்த விளைவுகள் எல்லாம் சமவாய்ப்பு உள்ளவையாக இருந்தால்தான் சூத்திரம் செல்லும் என்ற நிபந்தனைதான் காதில் விழாமல் போகிறது. நாளை மழை பெய்யும் அல்லது பெய்யாது. இரண்டே விளைவுகள் என்பதற்காக மழைக்கு 1/2 என்று சொல்லிவிட முடியுமா?

ஒரு நாணயத்தின் இரு பக்கத்திலும் பேனாவால் சிவப்புப் புள்ளி வைத்தேன், மற்றதில் நீலப் புள்ளி. இப்போது எழுதச் சொன்னேன். சிவப்பு தலை, நீலம் தலை. சிவப்பு தலை, நீலம் பூ. சிவப்பு பூ, நீலம் தலை. சிவப்பு பூ, நீலம் பூ. நான்கு வரிகள். நடு இரண்டு வரிகளில் விரலை வைத்துக்கொண்டு, "புள்ளி வெச்சதாலதானே இது ரெண்டாச்சு?" என்று கேட்டாள். அருமையான கேள்வி. புள்ளி வைப்பதற்கு முன்பும் அங்கே இருந்தவை இரண்டு தனித்தனி நாணயங்கள்தான். எது எது என்று நம் கண்ணுக்குத் தெரியவில்லை என்பதற்காக நாணயங்கள் விழும் விதம் மாறாது. தலையும் பூவும் கலந்து விழ இரண்டு வழிகள். இரண்டும் தலையாக விழ ஒரே வழி. ஆகவே 2/4.

இந்தச் சறுக்கல் பெரிய மேதைகளுக்கும் நேர்ந்திருக்கிறது. டி'அலம்பெர்ட் 18-ஆம் நூற்றாண்டின் தலைசிறந்த கணித அறிஞர்களில் ஒருவர். இரு முறை சுண்டினால் ஒரு தலையாவது விழ வாய்ப்பு 2/3 என்று 1754-இல் பிரெஞ்சுக் கலைக்களஞ்சியத்தில் எழுதினார். முதல் சுண்டலிலேயே தலை விழுந்தால் ஆட்டம் முடிந்துவிடும், எனவே முதலிலேயே தலை, பூவுக்குப் பின் தலை, இரண்டும் பூ என மொத்தம் மூன்று நிலைகள்தான் என்பது அவர் வாதம். ஆனால் அந்த முதல் நிலை மட்டுமே பாதி வாய்ப்பை எடுத்துக்கொள்கிறது. மற்ற இரண்டுக்கும் ஆளுக்குக் கால்பங்கு. சரியான விடை 3/4.

'ஒன்றாவது', 'குறைந்தது ஒரு முறை' என்ற சொற்கள் வந்தாலே மாணவர்கள் கூட்டத் தொடங்குகிறார்கள். பகடையை நான்கு முறை உருட்டினால் ஒரு 6-ஆவது விழ வாய்ப்பு? 1/6-ஐ நான்கு முறை கூட்டி 2/3 என்பார்கள். தவறு என்று நான் சொல்வதில்லை. ஏழு முறை உருட்டினால் என்ன வரும் என்று கேட்பேன். 7/6 என்று எழுதியதும் பேனா நின்றுவிடும். நிச்சயத்தையும் தாண்டிய நிகழ்தகவு ஏது?

இங்கே எதிர்ப்பக்கத்திலிருந்து நுழைவதுதான் எளிது. ஒரு முறைகூட 6 விழாமல் இருக்க நான்கு உருட்டலிலும் தப்ப வேண்டும்: 5/6-ஐ நான்கு முறை பெருக்கினால் 625/1296. அதை 1-இலிருந்து கழித்தால் 671/1296, அதாவது ஏறத்தாழ 0.518. பாதிக்குக் கொஞ்சம் மேல். இரண்டு பகடைகளை 24 முறை உருட்டி இரட்டை 6 எதிர்பார்த்தால் பாதிக்குக் கீழே போய்விடும், 0.491. இத்தகைய சூதாட்டக் கேள்விகளை ஒட்டித்தான் 1654-இல் பிரெஞ்சுக் கணித அறிஞர்களான பாஸ்கலும் ஃபெர்மாவும் கடிதம் எழுதிக்கொண்டார்கள். நிகழ்தகவு ஒரு கணிதத் துறையாக உருவானது அங்கிருந்துதான்.

திருப்பி வைக்காமல் பந்து எடுக்கும் கணக்குகளில், ஒவ்வொரு முறை எடுத்தபின்னும் பையில் மிச்சம் என்ன என்று எழுதிக்கொண்டாலே போதும். மூன்று சிவப்பு, இரண்டு நீலம் உள்ள பையிலிருந்து இரண்டு பந்துகள் எடுத்தால் இரண்டும் சிவப்பாக வர 3/5 × 2/4, அதாவது 3/10.

அந்த மாணவிக்கு இன்னொரு கணக்கு கொடுத்தேன். கலிலியோவிடம் கேட்கப்பட்ட பழைய கேள்வி அது. மூன்று பகடைகளில் கூட்டுத்தொகை 9 வர ஆறு சேர்க்கைகள், 10 வரவும் ஆறு சேர்க்கைகள். ஆனாலும் 10 சற்றே அதிகமாக விழுவதை ஆடுபவர்கள் கவனித்திருந்தார்கள். ஏன்? அவள் சிவப்பு, நீலம், பச்சை என்று மூன்று பத்தி போட்டு எழுதத் தொடங்கினாள். வெகுநேரம் கழித்து, "சார், 3, 3, 3 ஒரே வழியிலதான் வருது. 3, 3, 4 மூணு வழியில வருது!" என்று நிமிர்ந்தாள். கடைசியில் 216 விளைவுகளில் 9-க்கு 25, 10-க்கு 27 என்று அவளே எண்ணி முடித்தாள்.