முன்பணம் வாங்கியவரைப் பிடித்து வைக்க முடியாது: கொத்தடிமை மீட்பும் மறுவாழ்வுத் தொகையும்

"அட்வான்ஸ் வாங்கிட்டோமே அண்ணாச்சி, அத அடைக்காம எப்படி வாரது?" செங்கல் சூளைக்கோ மில்லுக்கோ பிள்ளைகளை அனுப்பிவிட்டுத் தவிக்கிற நெல்லைப் பக்கத்துக் குடும்பங்கள் முதலில் கேட்பது இதைத்தான். பதில் 1976-லேயே சட்டமாகிவிட்டது. முன்பணத்தைக் காட்டி ஒருவரை வெளியே போகவிடாமல் வேலை வாங்கினால் அது கொத்தடிமை முறை. அந்தக் கடன் அடைபட்டதாகவே கணக்கு. கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டம் என்ற அந்தச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது: ரத்தான அந்தக் கடனுக்காகப் பணம் வாங்குவதே குற்றம், 3 ஆண்டு வரை சிறை. நகையை அடகு வைத்துப் பணம் திரட்டி, புரோக்கரிடம் கொடுத்து மகனைக் கூட்டிவர நினைப்பவர்கள் இதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

சங்கிலி போட்டுக் கட்டினால்தான் கொத்தடிமை என்று அதிகாரிகள் சிலரே இன்னும் நினைக்கிறார்கள். சட்டம் பார்ப்பது வேறு. முன்பணமோ, அப்பன் பட்ட கடனோ, சாதி வழக்கமோ காரணமாக இருந்து, அதோடு நான்கில் ஒன்று சேர்ந்தால் போதும்: கூலி இல்லை அல்லது குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே, வேறு இடத்தில் வேலைக்குப் போக முடியாது, நினைத்த இடத்துக்குப் போய்வர முடியாது, தன் உழைப்பையோ விளைபொருளையோ சந்தை விலைக்கு விற்க முடியாது.

சூளையில் இது எப்படி நடக்கிறது என்பதைப் பற்று நோட்டில் பார்க்கலாம். ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி பேசுவார்கள். சனிக்கிழமை கைக்கு வருவது செலவுக்காசு மட்டும். அரிசி, மருந்து, பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த அன்று ஆட்டோவுக்குக் கொடுத்தது எல்லாம் பற்றில் ஏறும். மழையில் கரைந்த, இன்னும் சுடாத பச்சைக்கல் வரவில் வராது. சீசன் முடியும்போது வாங்கினதைவிடப் பாக்கி கூடியிருக்கும். நோட்டு மேஸ்திரி கையில். ஆனால் அந்தப் பாக்கி கொத்தடிமைக் கடன் இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பைச் சட்டம் கடன் கொடுத்தவர் தலையில்தான் வைக்கிறது. தொழிலாளியிடம் சீட்டு இல்லை என்று அவரைத் திருப்பி அனுப்பக் கூடாது.

நூற்பாலை விஷயம் கொஞ்சம் வேறு மாதிரி. கோவை, திருப்பூர், திண்டுக்கல் மில்களுக்குத் தென்மாவட்டத்துப் பெண்பிள்ளைகளை 'சுமங்கலித் திட்டம்' என்று அழைத்துப் போனார்கள். மூன்று வருஷம் ஹாஸ்டலில் தங்கி வேலை, கடைசியில் கல்யாணத்துக்கு மொத்தமாக ஒரு தொகை. அது அரசுத் திட்டம் இல்லை. பெயரில்தான் அந்த மயக்கம். இங்கே முன்பணம் கிடையாது, கையில் சேரவேண்டிய கூலியையே பிணையாக வைத்திருக்கிறார்கள். நடுவில் வந்தால் பணம் போச்சு. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்குவது அரசியலமைப்பின் 23-ஆம் பிரிவு தடுக்கிற கட்டாய உழைப்புதான் என்று 1982-லேயே, ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில், உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

சரி, யாரிடம் போவது? கலெக்டர், அவருக்குக் கீழே வருவாய்க் கோட்டாட்சியர் (ஆர்.டி.ஓ.). திருநெல்வேலி மாவட்டத்தில் திருநெல்வேலி ஆர்.டி.ஓ., சேரன்மகாதேவி சப்-கலெக்டர். தென்காசி மாவட்டத்தில் தென்காசி, சங்கரன்கோவில் ஆர்.டி.ஓ.க்கள். (டிரைவிங் லைசென்ஸ் எடுக்கிற ஆபீஸ் இல்லை, அது வேறு.) ஆள் இருக்கும் இடம் எந்தக் கோட்டமோ அந்த அதிகாரிதான் விசாரித்து மீட்க வேண்டும். அவசரத்துக்கு 112, குழந்தை என்றால் 1098, பெண் என்றால் 181.

பெரும்பாலும் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான். ஸ்டேஷனில் உட்கார வைத்து, "பாக்கிய விட்டுருதோம், ஆள கூட்டிட்டுப் போங்க" என்று முடித்துவைப்பார்கள். ஆள் வீடு வந்த சந்தோஷத்தில் யாரும் மேற்கொண்டு கேட்பதில்லை. அதோடு வழக்கும் போகும், அரசு தரும் மறுவாழ்வுத் தொகையும் போகும். விசாரித்த அதிகாரி கையெழுத்திட்ட விடுதலைச் சான்றிதழ் கையில் வர வேண்டும். கடன் ரத்து என்பதற்கு எழுத்துச் சான்று அதுதான். பணம் கேட்டு ஊருக்கு வருகிற புரோக்கரிடம் காட்டுவதும் அதைத்தான்.

மத்திய அரசின் மறுவாழ்வுத் திட்டம் 2016-இல் மாற்றி எழுதப்பட்டது. வயது வந்த ஆணுக்கு 1 லட்சம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் 2 லட்சம், கடத்தலிலிருந்தோ பாலியல் சுரண்டலிலிருந்தோ மீட்கப்பட்ட பெண்கள், குழந்தைகள், மாற்றுத்திறனாளிகள், திருநங்கைகள் ஆகியோருக்கு 3 லட்சம். முழுத்தொகை வழக்கின் போக்கைப் பொறுத்தது. அதனால் தாமதமாகும், சிலருக்கு மிகவும் தாமதமாகும். ஆனால் உடனடி உதவி வழக்குக்குக் காத்திருக்காது. முதலில் 20,000 ரூபாயாக இருந்தது, இப்போது 30,000 வரை. வீட்டுமனை, ரேஷன், பிள்ளைகள் படிப்பு ஆகியவையும் திட்டத்தில் உண்டு; தனியாக மனு எழுதிக் கேட்பது நல்லது.

தண்டனை விஷயத்தில் 1976 சட்டம் பல் இல்லாதது. 3 ஆண்டு வரை சிறை, 2,000 ரூபாய் வரை அபராதம், அதுவும் ஜாமீனில் விடக்கூடிய குற்றம். ஆசை காட்டியோ ஏமாற்றியோ மிரட்டியோ சுரண்டலுக்காக ஆள் பிடித்துப் போயிருந்தால் பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) 143-ஆம் பிரிவையும் எஃப்.ஐ.ஆரில் சேர்க்கச் சொல்ல வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிற இந்தப் பிரிவில் குறைந்தது 7 ஆண்டு. ஒருவருக்கு மேற்பட்டோரையோ குழந்தையையோ கடத்தினால் குறைந்தது 10 ஆண்டு, ஆயுள் வரை போகலாம். "அவளே சம்மதிச்சுத்தானே வந்தா" என்ற பேச்சு இங்கே எடுபடாது. பாதிக்கப்பட்டவரின் சம்மதம் பொருட்டில்லை என்று பிரிவிலேயே எழுதியிருக்கிறது.

வக்கீலுக்குக் காசில்லையே என்று தயங்க வேண்டாம். ஆள் கடத்தலிலும் கட்டாய உழைப்பிலும் சிக்கியவர்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு; மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை 15100-இல் அழைக்கலாம். வடமாநில முறுக்குக் கம்பெனிக்குப் போன பையன் என்றால் அந்த ஊர் அதிகாரி சான்றிதழ் தர வேண்டும், மறுவாழ்வு நம் மாவட்டத்தில் நடக்கும். ஊரிலிருந்தே தொடங்க வேண்டுமானால் திங்கட்கிழமை திருநெல்வேலி கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுங்கள். ஆள் இருக்கும் இடம், கூட்டிப்போனவர் பெயர், போன் நம்பர், வாங்கிய தொகை நான்கையும் எழுதி, மனு ரசீதை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.