சிதைவு வெப்பம்: ‘எஞ்சிய வெப்பம்’ என்று எழுதுவது ஏன் தவறு?

மார்ச் மாதம் வந்தால் ஜப்பானின் புகுஷிமா அணுமின் நிலையத்தில் 2011இல் நடந்த விபத்து பற்றித் தமிழில் நாலு கட்டுரையாவது வந்துவிடும். ஏறக்குறைய எல்லாவற்றிலும் இந்தக் கருத்தில் ஒரு வரி இருக்கும்: உலைகள் அணைந்துவிட்டன, ஆனால் எஞ்சிய வெப்பத்தைத் தணிக்க முடியாமல் எரிபொருள் உருகிவிட்டது. தொலைக்காட்சி விவாதத்திலும் ‘எஞ்சிய வெப்பம்’தான், மொழிமாற்றிய ஆவணப்படத்திலும் அதேதான். கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. சலிப்பு மட்டும் என்றால் விட்டுவிடலாம். அந்த விபத்து ஏன் நடந்தது என்பதையே இந்தச் சொல் மறைக்கிறது, அதனால்தான் எழுத வேண்டியிருக்கிறது.

ஆங்கிலத்தில் இந்த வெப்பத்துக்கு ‘டிகே ஹீட்’ என்று பெயர், அதாவது சிதைவு வெப்பம். ‘டிகே’ என்பதன் வேர் ‘விழு’ என்று பொருள்படும் லத்தீன் வினை ‘கடேரே’. ‘ஆக்சிடென்ட்’ என்ற சொல்லும் அதே வேரிலிருந்து வந்ததுதான். 1902இல் ரூதர்ஃபோர்டும் சாடியும் கதிரியக்கத்தின்போது ஒரு தனிமம் வேறொன்றாக மாறுகிறது என்று காட்டினார்கள். அடுத்த ஆண்டே பியர் கியூரியும் ஆல்பெர் லபோர்டும் ஒரு கிராம் ரேடியம் மணிக்குச் சுமார் 100 கலோரி வெப்பத்தைத் தொடர்ந்து விட்டுக்கொண்டே இருப்பதை அளந்தார்கள். தன் எடையைவிடச் சற்றுக் கூடுதலான பனிக்கட்டியை ஒரு மணி நேரத்தில் உருக்க அது போதும். யாரும் அதைச் சூடேற்றவில்லை. அணுக்கரு சிதையும்போது வெளிப்படும் ஆற்றலே வெப்பமாகிறது. சொல்லின் வரலாறு அவ்வளவுதான்.

உலைக்குள் நடப்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். யுரேனியம் அணுக்கரு பிளக்கும்போது வரும் துண்டுகள் பெரும்பாலும் நிலையற்றவை. அயோடின்-131, சீசியம்-137, ஸ்ட்ரான்சியம்-90 என்று செய்திகளில் நாம் கேட்ட பெயர்களெல்லாம் இந்தத் துண்டுகள்தான். கட்டுப்பாட்டுக் கோல்களை உள்ளே தள்ளினால் பிளவு சில விநாடிகளில் நின்றுவிடும். ஆனால் ஏற்கெனவே உண்டான துண்டுகள் சிதைந்துகொண்டேதான் இருக்கும். அதை நிறுத்த எந்தக் கோலும் கிடையாது, எந்தப் பொத்தானும் கிடையாது. காலம் ஒன்றுதான் குறைக்கும்.

அளவைச் சொன்னால் விஷயத்தின் கனம் புரியும். உலையை நிறுத்திய கணத்தில் இந்த வெப்பம் முழுத் திறனில் சுமார் 6 முதல் 7 சதவீதம். ஒரு மணி நேரத்தில் ஒன்றரை சதவீதம் அளவுக்கு இறங்கும், ஒரு நாளில் அரை சதவீதத்துக்குக் கீழே போகும். ‘அரை சதவீதம்தானே’ என்று தோன்றலாம். விபத்து நடந்த புகுஷிமா தாய்-இச்சி நிலையத்தின் முதல் உலை 1380 மெகாவாட் வெப்பத் திறன் கொண்டது. நிறுத்திய கணத்தில் சுமார் 90 மெகாவாட், ஒரு நாள் கழித்தும் ஆறேழு மெகாவாட். ஆறேழு மெகாவாட் வெப்பத்தை நீரை ஆவியாக்கியே வெளியேற்றுவதானால் மணிக்கு ஒன்பது, பத்து டன் தண்ணீர் உள்ளே போய்க்கொண்டே இருக்க வேண்டும். ராத்திரி பகல் பாராமல்.

இப்போது ‘எஞ்சிய’ என்ற சொல்லுக்கு வருகிறேன். தமிழில் எஞ்சியது என்றால் மிச்சம் இருப்பது. முன்பே உண்டானது, செலவானது போகக் கிடப்பது. அடுப்பை அணைத்தபின் தோசைக்கல்லில் இருக்கும் சூடு எஞ்சிய வெப்பம். அது நேரம் ஆக ஆகத் தானே ஆறும், யாரும் ஒன்றும் செய்ய வேண்டாம். ‘எஞ்சிய வெப்பம்’ என்று படிக்கும் தமிழ் வாசகர் மனத்தில் எழும் படம் இதுதான், அதில் அவர் மேல் பிழையில்லை. உடனே அவருக்கு ஒரு கேள்வி வரும்: அணைத்த உலை ஆறத்தானே செய்யும், எப்படி அணைத்தபிறகு அதிகச் சூடாகி உருகியது? அந்த ஊழியர்கள் தண்ணீர் ஊற்றுவதற்கு ஏன் அத்தனை பாடுபட்டார்கள்? சொல் தவறாக இருப்பதால் கதையே புரியாமல் போகிறது. உலைக்குள் இருந்தது விநாடிக்கு விநாடி புதிதாகப் பிறந்துகொண்டிருந்த வெப்பம்.

இந்தச் சொல்லுக்கு ஆதரவாக மூன்று வாதங்கள் சொல்கிறார்கள்.

ஒன்று, ஆங்கிலத்திலேயே ‘ரெசிடுவல் ஹீட்’ என்ற வழக்கு இருக்கிறதே என்பது. இருக்கிறதுதான். உலை நின்றபின் வெப்பத்தை வெளியேற்றும் குழாய், பம்பு அமைப்புக்கே ஆங்கிலத்தில் ‘ரெசிடுவல் ஹீட் ரிமூவல்’ என்று பெயர். ஆனால் அந்த அமைப்பு இரண்டு வேலைகளைச் செய்கிறது: உலோகத்திலும் நீரிலும் தேங்கிய பழைய சூட்டை எடுப்பது ஒன்று, சிதைவால் பிறக்கும் புதிய சூட்டை எடுப்பது இன்னொன்று. இரண்டையும் சேர்த்துச் சொல்ல அவர்களுக்கு ஒரு பொதுப்பெயர் தேவைப்பட்டது. நமக்கும் அந்த அமைப்பின் பெயரில் ‘எஞ்சு வெப்ப நீக்கம்’ என்று இருந்துவிட்டுப் போகட்டும். அதற்காக ‘டிகே ஹீட்’ என்று தெளிவாக எழுதியிருக்கும் இடத்திலும் ‘எஞ்சிய வெப்பம்’ என்று பெயர்ப்பது கவனக்குறைவு. மூலத்தில் இரண்டு சொல் இருந்தால் தமிழிலும் இரண்டு சொல் வேண்டும்.

இரண்டாவது வாதம் கொஞ்சம் நயமானது. தமிழ் இலக்கணத்தில் ‘எச்சம்’ என்றால் முற்றுப்பெறாதது, பெயரெச்சம், வினையெச்சம் போல. ஆகவே ‘எச்ச வெப்பம்’ என்றால் முற்றுப்பெறாமல் தொடரும் வெப்பம் என்று கொள்ளலாமே என்கிறார்கள். வகுப்பறையில் சொன்னால் ரசிக்கலாம். ஆனால் செய்தி படிப்பவர் நன்னூலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிப்பதில்லை. அவருக்கு எச்சம் என்றால் மீதி, இல்லாவிட்டால் பறவையின் எச்சம். ஒரு கலைச்சொல்லின் பொருள் விளக்கவுரை இல்லாமலே முக்கால்வாசியாவது விளங்க வேண்டும். விளக்கினால் மட்டுமே சரியாகிற சொல்லை ஆபத்து பற்றிய செய்தியில் வைப்பதை நான் ஏற்கமாட்டேன்.

மூன்றாவது, ‘எஞ்சிய’ எளிது, ‘சிதைவு’ கடினம் என்பது. இதுதான் எனக்குப் புரிவதே இல்லை. கட்டடம் சிதைந்து கிடக்கிறது என்று சொல்லாத ஊர் உண்டா? பள்ளி அறிவியல் பாடத்தில் ஆல்பா சிதைவு, பீட்டா சிதைவு என்று பிள்ளைகள் படித்துத் தேர்வே எழுதிவிடுகிறார்கள். அந்தச் சொல்லையே இங்கும் வைத்தால் படித்ததும் செய்தியும் ஒன்றோடொன்று பொருந்தும். பாடத்தில் ஒரு சொல், பத்திரிகையில் வேறு சொல் என்று வைத்துவிட்டு, ‘தமிழில் அறிவியல் புரிவதில்லை’ என்று அலுத்துக்கொள்வதில் என்ன நியாயம்?

மற்ற மொழிகளும் இப்படித்தான் போயிருக்கின்றன. விபத்து நடந்த ஜப்பானில் இதை ‘ஹோகாய் நெட்சு’ என்கிறார்கள். ஹோகாய் என்றால் இடிந்து நொறுங்குவது, நெட்சு என்றால் வெப்பம். அச்சு அசலாகச் சிதைவு வெப்பம். ஜெர்மானியர் ‘பின்’ என்ற ஒட்டையும் முன்னால் சேர்த்து, நின்றபின் வரும் சிதைவு வெப்பம் என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறார்கள்.

‘அழிவு வெப்பம்’ என்று எழுதுவோரும் உண்டு. அது தேவையில்லாத பீதியைக் கிளப்புகிறது, பொருளும் சரியில்லை. அணுக்கரு அழிவதில்லை, இன்னொன்றாக மாறுகிறது. ‘தேய்வு வெப்பம்’ என்பதை மட்டும் உடனே தள்ளிவிட மனம் வரவில்லை, வெப்பத்தின் மொத்த அளவு தேய்ந்துகொண்டே வருவது உண்மைதானே. ஆனால் ஒவ்வொரு அணுக்கருவும் நிலவு தேய்வதுபோல் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைவதில்லை, ஒரே கணத்தில் உடைந்து மாறுகிறது. வெப்பம் பிறப்பது அந்த உடைவில். ஆகவே சிதைவுதான் பொருத்தம். எழுதும்போது ‘சிதைவு வெப்பம்’ என்று இயல்பாக எழுதலாம், வகரம் வருவதால் நடுவில் ஒற்று மிகாது. பேச்சில் ‘சிதைவுச் சூடு’ என்றாலும் குறையில்லை.

சொல்லைத் திருத்திக்கொண்டு 2011 மார்ச் 11ஆம் தேதிக்குப் போனால் எல்லாம் விளங்கிவிடும். பிற்பகல் 2:46க்கு நிலநடுக்கம். ஓடிக்கொண்டிருந்த மூன்று உலைகளும் தாமாகவே நின்றன. அதுவரை எல்லாம் சரியாகத்தான் நடந்தது. ஒரு மணி நேரத்துக்குள் வந்த சுனாமி, டர்பைன் கட்டடங்களின் அடித்தளத்தில் இருந்த டீசல் மின்னாக்கிகளையும் மின்பலகைகளையும் மூழ்கடித்தது. மின்சாரம் போயிற்று, பம்புகள் போயின, அளவுமானிகளும் இருண்டன. சிதைவு மட்டும் நிற்கவில்லை. கட்டுப்பாட்டு அறையில் டார்ச் வெளிச்சத்தில் நின்றவர்கள், வாகனங்களிலிருந்து பேட்டரிகளைக் கழற்றிக் கொண்டுவந்து, ஒன்றோடொன்று இணைத்து, நீர்மட்ட மானிக்கு உயிர் கொடுத்தார்கள். இரவு ஒன்பது மணிக்குமேல் முதல் உலையின் மானி, எரிபொருளின் உச்சிக்கு மேல் 200 மில்லிமீட்டர் நீர் இருப்பதாகக் காட்டியது. அது பொய். நீர் அதற்குள் வெகுவாக இறங்கி, எரிபொருள் வெளியே தெரிய ஆரம்பித்திருந்தது. எரிபொருளைப் பொதிந்திருந்த சிர்கோனியம் உலோக உறை சூடேறி நீராவியோடு வினைபுரிந்து ஹைட்ரஜனை உண்டாக்கியது. மறுநாள் பிற்பகல் 3:36க்கு வெடித்தது அந்த ஹைட்ரஜன். அன்று மாலையே தீயணைப்பு வண்டியின் குழாய் வழியாகக் கடல்நீரை உலைக்குள் செலுத்தினார்கள். அதை நிறுத்தச் சொல்லித் தலைமையகத்திலிருந்து உத்தரவு வந்தபோது, நிலையத்தின் தலைவர் மசாவோ யோஷிதா நிறுத்துவதாகச் சொல்லிவிட்டு நிறுத்தாமல் தொடர்ந்தார். சிதைவு வெப்பம் என்றால் என்னவென்று தெரிந்தவர் செய்த காரியம் அது.

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் உள்ள திரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையமும் இதற்கு நல்ல சாட்சி. 1979 மார்ச் 28 விடியற்காலையில் உலை சில விநாடிகளிலேயே நின்றுவிட்டது. உள்ளே நீர் போதுமான அளவு இருக்கிறது என்று தவறாக நினைத்த ஊழியர்கள் அவசரகால நீர்வரத்தைக் குறைத்தார்கள். நின்றுபோன உலையில் பாதி எரிபொருள் அடுத்த சில மணி நேரத்தில் உருகியது. மிச்சச் சூடு இப்படிச் செய்யுமா?

ஒரு சொல்லோடு குறை முடிந்துவிடவில்லை. ‘உலை அணைந்தது’ என்று எழுதுவதையும் விட வேண்டும். அணைந்தது என்றால் நெருப்பு போய்விட்டது என்று பொருள். ‘உலை நின்றது’, ‘பிளவு நின்றது’ என்று எழுதினால் போதும். ‘குளிரூட்டும் வசதி பழுதானது’ என்றால் ஏசி கெட்டுப்போனது போலிருக்கிறது. ‘குளிர்விப்பு’ என்ற நல்ல சொல் கையில் இருக்கிறது. அப்புறம், ‘அணு உலை வெடித்தது’. புகுஷிமாவில் வெடித்தது உலைக் கட்டடத்தில் சேர்ந்த ஹைட்ரஜன். உலைக்குள் நடந்தது உருகல். இரண்டையும் கலந்து எழுதும் மொழிபெயர்ப்பாளர் தன் வேலையைச் செய்யவில்லை.

இதெல்லாம் சொற்சண்டை என்று நினைப்பவர்கள் ஜப்பானில் நடந்ததைப் பார்க்கட்டும். எரிபொருள் உருகியது என்று சொல்ல அங்கே ‘ரோஷின் யோயூ’ என்ற சொல் இருக்கிறது. விபத்து நடந்து இரண்டு மாதம் வரை, புகுஷிமா நிலையத்தை நடத்திய டெப்கோ நிறுவனம் அதைத் தவிர்த்து, ‘ரோஷின் சோன்ஷோ’, அதாவது எரிபொருள் சேதம், என்றே சொல்லிவந்தது. நிறுவனத்தின் அப்போதைய தலைவர் ‘ரோஷின் யோயூ’ என்ற சொல்லைப் பயன்படுத்த வேண்டாம் என்று அறிவுறுத்தியதை நிறுவனமே அமைத்த விசாரணைக் குழு 2016இல் வெளிப்படுத்தியது. நிறுவனமும் மன்னிப்புக் கேட்டது.

கடைசியாக இன்னொரு பெயர்ப்பு: ‘கோல்டு ஷட்டவுன்’. இதைக் ‘குளிர் நிறுத்தம்’ என்று எழுதுகிறார்கள். குளிரை நிறுத்துவதா, குளிரால் நிறுத்துவதா? பொருள் என்னவென்றால், நின்ற உலையின் நீர் 100 டிகிரி செல்சியஸுக்குக் கீழே நிலையாக இருப்பது. ‘தாழ்வெப்ப நிறுத்தம்’ என்றால் விளங்கும். ஜப்பானியரும் ‘தாழ்வெப்பம்’ என்ற பொருளில்தான் ‘ரெய்ஓன் தெய்ஷி’ என்கிறார்கள். 2011 டிசம்பர் 16இல் பிரதமர் நோடா அறிவித்தபோது அதோடு ‘நிலை’ என்று பொருள்படும் ‘ஜோதாய்’ என்ற ஒட்டையும் சேர்த்தார்கள். உருகிப்போன உலைக்குச் சேதமில்லாத உலைக்கான சொல் அப்படியே பொருந்தாது என்பதால் வந்த ஒட்டு அது, அதற்காகக் கண்டனமும் எழுந்தது. தமிழில் எழுதுகிறவர்கள் அந்த ஒட்டையும் சேர்த்து ‘தாழ்வெப்ப நிறுத்த நிலை’ என்றே எழுத வேண்டும், ஏனென்றால் சிதைவு இன்றும் ஓயவில்லை. உருகி உறைந்த எரிபொருளைக் குளிர்விக்க அந்த மூன்று உலைகளுக்குள்ளும் மணிக்குச் சில டன் தண்ணீர் இப்போதும் போய்க்கொண்டுதான் இருக்கிறது.